கணினியில் ஓடும், போர்டில் விழும்: கெர்னல் நினைவகக் கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

"என் மேசைக் கணினியில நல்லாதானே ஓடுது அண்ணே." பினாங்கின் பாயான் லெப்பாஸில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வரும் ஒவ்வொரு புதுத் தம்பியும் முதல் மாதத்தில் ஒருமுறையாவது இதைச் சொல்லிவிடுவான். அவன் சொல்வது பொய்யும் இல்லை. மேசைக் கணினியில் இருப்பது எக்ஸ்86 வகைச் செயலி. சோதனை மேசையில் கிடப்பது வேறு வகைச் செயலிகள்: ஆர்ம்64 போர்டு இரண்டு, ரிஸ்க்-ஃபைவ் போர்டு ஒன்று. நிரல் ஒன்றுதான், ஆனால் டிரைவர் (கருவியை இயக்கும் கெர்னல் நிரல்) எழுதுகிறவர் செய்யும் பல தப்புகளை எக்ஸ்86 கண்டும் காணாமல் விட்டுவிடும். மற்ற இரண்டும் விடாது. எக்ஸ்86-ஐ உருவாக்கிய இன்டெல் 1972-இலேயே வந்து ஆலை போட்ட ஊர் இது. எங்களுக்கு எக்ஸ்86 வீட்டுப் பிள்ளை மாதிரி, அதன் பழக்கத்தையே உலக வழக்கம் என்று நினைத்துவிடுகிறோம்.

கீழே இருப்பது லினக்ஸ் கெர்னலை, அதாவது இயக்குதளத்தின் மையப் பகுதியை, வைத்து எழுதியது. உங்கள் போர்டில் தெரியும் அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போய்ப் படிக்கலாம். ஃபங்ஷன் பெயர்களை ஒலிப்பில் எழுதியிருக்கிறேன், தட்டச்சு செய்யும்போது அடிக்கோடுகளை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

எதையும் தொடுமுன்

சீரியல் கேபிள் மாட்டுங்கள். திரையில் தெரியும் கடைசி இருபது வரியைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பாதீர்கள். நமக்கு வேண்டியது முதல் ஊப்ஸ் (கெர்னல் அடிபட்டதும் அச்சிடும் பிழை அறிக்கை), பின்னால் வருவதெல்லாம் அதன் எதிரொலி. கேபிளின் வேகத்தையும் பாருங்கள். பல போர்டுகளுக்கு 115200, சிலவற்றுக்கு 1500000. வேகம் தப்பாக இருந்து குப்பை எழுத்து வந்ததைப் பார்த்து, "கெர்னலே கெட்டுப்போச்சு" என்று ஒரு நாள் முழுக்க அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

அதே பில்டின் விஎம்லினக்ஸ் என்ற சுருக்கப்படாத கெர்னல் கோப்பை டிபக் தகவலோடு பத்திரமாக வைத்திருங்கள். பூட் வரியில் 'நோகேஏஎஸ்எல்ஆர்' சேர்த்தால் ஒவ்வொரு முறையும் முகவரிகள் இடம் மாறாது, இரண்டு லாகுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

அப்புறம் ஊப்ஸைப் படிக்க வேண்டும். பெரும்பாலோர் கால் ட்ரேஸுக்கு (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) நேரே பாய்ந்துவிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது ஆர்ம்64-இல் 'மெம் அபார்ட் இன்ஃபோ' என்ற பகுதி. அதில் இஎஸ்ஆர் என்ற பதிவேட்டின் மதிப்பு இருக்கும். என்ன நடந்தது என்று செயலி தன் வாயால் சொல்லும் வாக்குமூலம் அது. அதில் பிழையின் வகையைச் சொல்லும் இசி பகுதி பதினாறடிமானத்தில் 25 என்றால் கெர்னலே நினைவகத்தைத் தொட்டு அடிபட்டிருக்கிறது. அதன் கீழுள்ள பிழைக் குறியீடுதான் முக்கியம். 04 முதல் 07 வரை என்றால் அந்த முகவரிக்குப் பேஜ் டேபிளில் (நிரல் காணும் முகவரியை ராமின் நிஜ முகவரியாக மாற்றும் அட்டவணை) வழியே இல்லை. 09 முதல் 0பி வரை அக்சஸ் ஃபிளாக் பிழை. 0டி முதல் 0எஃப் வரை வழி உண்டு, அனுமதி இல்லை. 10 என்றால் செயலிக்கு வெளியே, பஸ்ஸிலிருந்து வந்த மறுப்பு. 21 அலைன்மென்ட் (முகவரி உரிய மடங்கில் இல்லை), 30 டிஎல்பி மோதல். டிஎல்பி என்பது பேஜ் டேபிள் பதிவுகளைச் செயலி நினைவில் வைத்துக்கொள்ளும் இடம்.

முதல் வகையில் எந்த மட்டத்தில் வழி அறுந்தது என்பதையும் பாருங்கள். 04, 05 என்று மேல் மட்டத்திலேயே அறுந்திருந்தால் பெரும்பாலும் முகவரியே குப்பை. 07, அதாவது கடைசி மட்டம் என்றால் அக்கம்பக்கத்துப் பக்கங்கள் இருக்கின்றன, இந்த ஒன்றுதான் இல்லை. அப்போது நான் எல்லை தாண்டிய எழுத்தையோ, விடுவித்துவிட்ட விஎம்ஆலாக் பகுதியையோ (நிஜ ராமில் சிதறிக் கிடக்கும் பக்கங்களை ஒன்றாகக் கோத்துத் தரும் பகுதி) சந்தேகிப்பேன். ரிஸ்க்-ஃபைவில் இதே வேலையை எஸ்காஸ், எஸ்டிவேல் என்ற இரண்டு பதிவேடுகளும் செய்யும். எஸ்காஸில் 12 என்றால் கட்டளை எடுக்கையில், 13 படிக்கையில், 15 எழுதுகையில் வந்த பக்கப் பிழை. எக்ஸ்86-இல் பிழை முகவரி சிஆர்2 பதிவேட்டில் இருக்கும்.

அறிகுறி: முகவரியில் 6பி6பி6பி, அல்லது 'டெட்' என்று தொடங்கும் எண்

இதை முதலில் விலக்கிவிடுங்கள், ஏனென்றால் இதில் செயலி வகையின் மேல் குற்றமே இல்லை. 6பி என்பது விடுவித்த ஸ்லாப் நினைவகத்தில் (கெர்னல் தன் சிறு தேவைகளுக்கு வாங்கும் துண்டுகள்) கெர்னல் பூசும் விஷம், அதாவது அடையாள எண். எஸ்எல்யுபி டிபக்கில் அந்தப் பூச்சை இயக்கியிருந்தால்தான் தெரியும். 'டெட்' என்று தொடங்கி 100 அல்லது 122 என்று முடியும் எண், பட்டியலிலிருந்து கழற்றிய உறுப்பின் சுட்டியில் வேண்டுமென்றே வைப்பது. எண் கொஞ்சம் தள்ளி 108 என்று இருந்தாலும் அதே கதைதான், அந்தச் சுட்டியிலிருந்து இரண்டாவது புலத்தைத் தொட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றே: விடுவித்த பிறகும் யாரோ கை வைக்கிறார்கள்.

கேஏஎஸ்ஏஎன் என்ற கெர்னலின் நினைவகப் பிழை பிடிப்பானைப் போட்டு ஓட்டினால் யார் என்று சொல்லிவிடும். அது நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கைத் தன் குறிப்பேட்டுக்கு எடுத்துக்கொள்ளும், 1 ஜிகாபைட் போர்டில் 128 மெகாபைட் போய்விடும். தாங்காது என்றால் 5.12 கெர்னலிலிருந்து இருக்கும் கேஃபென்ஸைப் போடுங்கள். மாதிரி எடுத்துத்தான் பார்க்கும் என்பதால் உடனே பிடிபடாது, ஆனால் வாரக்கணக்கில் ஓடவிடலாம்.

அறிகுறி: ஊப்ஸ் இல்லை, தரவு மட்டும் அங்கங்கே கெட்டிருக்கிறது

அதிக நேரத்தைத் தின்பது இதுதான்.

சில்லுகளைப் படம் பிடித்துச் சோதிக்கும் கேமரா ஒன்றுக்கு டிரைவர் எழுதினேன். கணினியில் படம் கண்ணாடி மாதிரி வந்தது. போர்டில் படத்தின் மேல் சின்னச் சின்னப் படுக்கைக் கோடுகள், ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில். லென்ஸ், கேபிள், மின்சாரம் என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தாயிற்று. கடைசியில் படத்தைப் பெரிதாக்கி விரல் விட்டு எண்ணியவர் சோதனைப் பிரிவு அக்கா. அவர் நிரல் எழுதுகிறவர் இல்லை. "தம்பி, எல்லாக் கோடும் ஒரே நீளம் லா. அறுபத்து நாலு புள்ளி."

கறுப்பு வெள்ளைப் படம், புள்ளிக்கு ஒரு பைட். 64 பைட் என்பது அந்தச் செயலியின் ஒரு கேஷ் லைன், அதாவது செயலிக்குள் இருக்கும் வேக நினைவகமான கேஷின் ஒரு வரி. அதற்கு மேல் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நடப்பது இப்படி. கேமரா டிஎம்ஏ வழியாக, அதாவது செயலியைத் தொடாமல், நேரே ராமில் எழுதுகிறது. எக்ஸ்86 கணினியில் அப்படி எழுதும்போது செயலியின் கேஷையும் வன்பொருளே பார்த்துச் சரிசெய்துவிடும். பல ஆர்ம் போர்டுகளில் அது கிடையாது. ராமில் புதுப் படம் இருக்கும், கேஷில் சில வரிகளுக்குப் போன படம் இருக்கும், செயலி கேஷைத்தான் படிக்கும். கோடுகளுக்குள் இருந்தது முந்தைய படத்தின் துணுக்கு என்று பிறகு உற்றுப் பார்த்தபோது தெரிந்தது.

உறுதி செய்ய: பஃபரை ஒரு தெரிந்த எண்ணால், உதாரணமாக ஒரே பைட்டால், நிரப்புங்கள். டிஎம்ஏ முடிந்ததும் எந்தெந்த இடத்தில் பழைய எண் இன்னும் இருக்கிறது என்று பட்டியலிடுங்கள். தொடக்கங்கள் எல்லாம் 64-இன் மடங்கில் விழுந்தால் இதுதான் நோய். இன்னொரு வழி, தற்காலிகமாக டிஎம்ஏ ஆலாக் கோஹரன்ட் மூலம் பஃபரை வாங்கிப் பாருங்கள். கோளாறு மறைந்தால் சந்தேகம் உறுதி. அதையே நிரந்தரத் தீர்வாக வைக்க வேண்டாம். அப்படிப்பட்ட போர்டில் அது கேஷ் இல்லாத நினைவகமாகத்தான் வரும், படத்தைச் செயலியால் படிப்பது ஊர்ந்து நகரும்.

சரியான தீர்வு, டிஎம்ஏ மேப் சிங்கிள் போட்டு, அது தரும் முகவரியை மட்டும் வன்பொருளுக்குக் கொடுப்பது. வேலை முடிந்ததும் அன்மேப். பஃபரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் இடையில் சிங்க் ஃபார் சிபியு, சிங்க் ஃபார் டிவைஸ். திசையையும் சரியாகச் சொல்லுங்கள். நான் செய்திருந்தது வர்ட் டு ஃபிஸ், நிஜ முகவரியை வெறும் கணக்கில் எடுப்பது. கணினியில் அதுவே வேலை செய்துவிட்டதால் திரும்பிப் பார்க்கவே இல்லை.

இதையெல்லாம் செய்த பிறகும் பஃபரின் முதல் சில பைட்டோ கடைசிச் சில பைட்டோ மட்டும் கெடுகிறதா? பஃபரின் பக்கத்து வீட்டைப் பாருங்கள். ஒரே ஸ்ட்ரக்டில் டிஎம்ஏ பஃபரும் ஒரு எண்ணியும் அடுத்தடுத்து இருந்தால் இரண்டும் ஒரே கேஷ் லைனில் குடியிருக்கும். செயலி எண்ணியைக் கூட்டினால் அந்த வரி முழுக்க அழுக்காகி, பிறகு ராமுக்குத் திரும்பி எழுதப்படும்போது கேமரா எழுதியதை மிதித்துவிடும். பஃபரைத் தனியாக கேமலாக்கில் வாங்குங்கள். ஸ்டாக்கில் இருக்கும் பஃபரை எந்தக் காலத்திலும் டிஎம்ஏவுக்குக் கொடுக்காதீர்கள். ஆர்ம்64-இல் ஸ்டாக் பொதுவாக விஎம்ஆலாக் பகுதியில் இருப்பதால் அதன் நிஜ முகவரியை வர்ட் டு ஃபிஸ் கொண்டு கணக்கிட்டாலே தப்பாகத்தான் வரும். டிஎம்ஏ ஏபிஐ டிபக் என்ற கட்டமைப்பு விருப்பத்தை இயக்கினால் இந்த மாதிரி அத்துமீறல்களைக் கெர்னலே கூவிச் சொல்லும்.

டிரைவர் சுத்தம், ஆனாலும் கெடுகிறது என்றால் டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன வன்பொருள் என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு) 'டிஎம்ஏ-கோஹரன்ட்' என்ற பண்பைத் தேடுங்கள். கேஷை வன்பொருளே சரிசெய்யும் என்று சொல்வது அது. இல்லாத வசதியை உண்டு என்று எழுதியிருந்தால் கெர்னல் கேஷைச் சுத்தம் செய்யாது. இருக்கும் வசதியை எழுதாமல் விட்டாலும் ஆபத்துதான். செயலி கேஷைத் தாண்டிப் படிக்கும், கருவியோ கேஷில் எழுதும். இது பலருக்கு வியப்பாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: பிரிண்ட்கே (லாகில் அச்சிடும் கெர்னல் ஃபங்ஷன்) போட்டால் இந்தப் பிழை ஓடி ஒளியும். அச்சிடும் வேலை பழைய கேஷ் வரிகளைத் தள்ளிவிடுகிறது, படம் திடீரென்று சரியாகிவிடும். "பிரிண்ட் போட்டா சரியாகுது அண்ணே, அப்படியே விட்டுடலாமா?" என்று என்னிடம் கேட்ட தம்பியை நான் திட்டவில்லை. நானும் ஒரு நாள் அதை நினைத்திருக்கிறேன்.

அறிகுறி: குறியீடு 21, மெம்செட் அல்லது மெம்காப்பிக்குள் விழுகிறது

கருவியின் முகவரிப் பகுதியை ஐஓரீமேப் செய்து, அதாவது கெர்னல் தொடக்கூடிய முகவரியாக, வாங்கி, அதன் மேல் சாதாரண மெம்செட் போட்டிருப்பீர்கள். ஆர்ம்64-இல் அந்தப் பகுதி டிவைஸ் வகை நினைவகம். அதில் உரிய மடங்கில் இல்லாத முகவரியைத் தொடக் கூடாது. மெம்செட் பெரிய பகுதியைச் சுழியாக்கும்போது பயன்படுத்தும் கேஷ் கட்டளையும் அங்கே செல்லாது. மெம்செட் ஐஓ, மெம்காப்பி டு ஐஓ என்று மாற்றினால் முடிந்தது. கம்பைலர் உங்கள் சாதாரண ஃபார் லூப்பையே மெம்செட்டாக மாற்றிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அறிகுறி: எஸ்எரர், ஒவ்வொரு முறையும் சம்பந்தமில்லாத இடத்தில்

இந்த அறிகுறிக்கு மட்டும் கால் ட்ரேஸை நம்பவே வேண்டாம். எஸ்எரர் என்பது ஆர்ம்64-இல் தாமதமாக வந்து சேரும் பிழைச் செய்தி. குற்றம் நடந்த இடம் ஒன்று, அழுகுரல் கேட்கும் இடம் இன்னொன்று.

வழக்கமாக இரண்டு காரணங்கள். கடிகாரம் நிறுத்தப்பட்ட கருவியின் பதிவேட்டைத் தொட்டிருக்கலாம். கருவி விழிக்கும்போதோ தூங்கும்போதோ மட்டும் வருகிறது என்றால் இதைத்தான் முதலில் பாருங்கள்.

இரண்டாவது, பாதுகாப்பு ஃபர்ம்வேருக்கு (கெர்னலுக்கும் கீழே ஓடும் போர்டின் சொந்த நிரல்) ஒதுக்கிய ராமைக் கெர்னல் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருப்பது. போர்டு கொடுத்தவர்கள் தந்த டிவைஸ் ட்ரீயில் அந்த ஒதுக்கீடு விடுபட்டிருந்தது எங்களுக்கு ஒருமுறை நேர்ந்தது. காலையில் போர்டு ஒழுங்காக ஓடும். மதியம் நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டு வந்தால் விழுந்து கிடக்கும். நினைவகம் நிறைய நிறைய அந்தப் பகுதிக்கு முறை வரும், அதுதான் காரணம். ஆனால் அதற்குள் சூடு, மின்விசிறி, குளிர்சாதனம் என்று எல்லாவற்றின் மேலும் பழி போட்டுவிட்டோம்.

ப்ராக் ஐஓமெம்மைப் படித்து, சிஸ்டம் ராம் என்று காட்டும் எல்லைகளை ஃபர்ம்வேர் ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். பூட் வரியில் 'மெம்பிளாக்=டிபக்' போட்டால் தொடக்கத்திலேயே யாருக்கு என்ன ஒதுக்கினார்கள் என்று தெரியும். பகுதியை ரிசர்வ்டு-மெமரியில் சேர்க்கும்போது 'நோ-மேப்' என்றும் எழுத வேண்டும். வெறும் ஒதுக்கீடு போதாது. கெர்னல் அதை யாருக்கும் கொடுக்காவிட்டாலும் பேஜ் டேபிளில் கேஷ் செய்யத்தக்க நினைவகமாக அது தெரிந்தால், செயலி ஊகத்தில் தானாகவே அதைப் படித்துப் பார்க்கும். நிரலில் ஒரு வரிகூட அதைத் தொடாது, எஸ்எரர் மட்டும் வரும்.

அறிகுறி: பூட்லோடர் 'ஸ்டார்ட்டிங் கெர்னல்' என்றதும் மயான அமைதி

பூட் வரியில் 'எர்லிகான்' சேருங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே ஏதாவது எழுத்து தெரிந்துவிடும். தெரியாவிட்டால் ஆர்ம்64-இல் பூட்லோடர் காப்பாற்ற வேண்டிய வாக்குகளைச் சரிபாருங்கள்: எம்எம்யு (பேஜ் டேபிளைப் படித்து முகவரி மாற்றும் வன்பொருள்) அணைந்திருக்க வேண்டும், கெர்னல் படிமம் கேஷிலிருந்து ராமுக்கு முழுதாகத் தள்ளப்பட்டிருக்க வேண்டும், எக்ஸ்0 பதிவேட்டில் டிவைஸ் ட்ரீயின் நிஜ முகவரி இருக்க வேண்டும், அந்த டிவைஸ் ட்ரீ 8 பைட் எல்லையில் தொடங்கி 2 மெகாபைட்டுக்குள் அடங்க வேண்டும். சொந்தமாகப் பூட்லோடர் எழுதுகிறவர்கள் தவறவிடுவது இரண்டாவது. பத்து முறை இயக்கினால் ஏழு முறை எழும், மூன்று முறை எழாது என்ற மாதிரி அறிகுறி.

ரிஸ்க்-ஃபைவில் இந்த அமைதிக்கு வேறொரு பொருள் உண்டு. லினக்ஸ் அங்கே எம்எம்யுவை இயக்கும் தருணத்தில் வேண்டுமென்றே ஒரு பிழையில் விழுந்து, அந்தப் பிழையின் கையாளி வழியாகப் புது முகவரிக்குத் தாவுகிறது. பேஜ் டேபிள் தப்பாக இருந்தால் பிழைக்குள் பிழை என்று முடிவில்லாமல் சுற்றும், வெளியே ஒரு சத்தமும் வராது. ஜேடேக் (செயலியை வெளியிலிருந்து நிறுத்திப் பார்க்கும் கருவி) மாட்டி, பிழை நடந்த கட்டளையின் முகவரியைச் சொல்லும் எஸ்இபிசி பதிவேடு ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். சொந்தக் கெர்னல் எழுதிப் பழகுகிறீர்கள் என்றால் பேஜ் டேபிள் பதிவுகளில் ஏ, டி பிட்டுகளை (பக்கம் தொடப்பட்டது, எழுதப்பட்டது என்ற குறிகள்) முன்கூட்டியே 1 ஆக்கிவிடுங்கள். சில செயலிகள் அவற்றைத் தாமே நிரப்பாது, பக்கப் பிழை எழுப்பிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும்.

அறிகுறி: பேஜ் டேபிளை மாற்றியாயிற்று, செயலி பழையதையே பார்க்கிறது

டிஎல்பியைக் காலி செய்யவில்லை, அல்லது ஒரு கோரில் மட்டும் செய்தீர்கள். 'மேக்ஸ்சிபியுஸ்=1' என்று ஒரே கோரில் பூட் செய்து பாருங்கள். கோளாறு மறைந்தால் மற்றக் கோர்களுக்குச் செய்தி போகவில்லை. ஆர்ம்64-இல் சரியான டிஎல்பிஐ கட்டளை எல்லாக் கோர்களுக்கும் தானே பரவும், ஆனால் பின்னால் டிஎஸ்பி தடுப்பு வைத்துக் காத்திருக்க வேண்டும். ரிஸ்க்-ஃபைவின் எஸ்ஃபென்ஸ் விஎம்ஏ அது ஓடும் கோரை மட்டுமே தொடும். மற்றவற்றுக்கு ஃபர்ம்வேர் அழைப்போ குறுக்கீடோ அனுப்ப வேண்டும்.

ரிஸ்க்-ஃபைவில் தலைகீழான வழக்கும் உண்டு. "இங்கே ஒன்றும் இல்லை" என்ற வெற்றுப் பதிவைக்கூடச் செயலி நினைவில் வைத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. அதனால் புதிதாக மேப் செய்த பக்கத்தை முதல் முறை தொடும்போது பிழை வரலாம். ஆர்ம்64, எக்ஸ்86 இரண்டிலும் பழகியவர் இதை நம்பவே மாட்டார்.

ஆர்ம்64-இல் குறியீடு 30 வந்தால், பெரிய பிளாக்கைச் சிறு பக்கங்களாக உடைக்கும்போது பழையதை அழித்து, டிஎல்பியைக் காலி செய்து, அதன் பிறகே புதியதை எழுதும் வரிசையை யாரோ மீறியிருக்கிறார்கள்.

அறிகுறி: பழைய போர்டில் ஓடிய டிரைவர் புதுப் போர்டில் அனுமதிப் பிழை தருகிறது

பிழை முகவரி சிறியதாக, பயனர் நிரலின் முகவரி போலத் தெரிகிறதா? ஐஆக்டிஎல் (பயனர் நிரல் டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் அழைப்பு) வழியாக வந்த சுட்டியை நேரே படிக்கிறீர்கள். கார்டெக்ஸ்-ஏ53-இன் வன்பொருளில் அதைத் தடுக்கும் பேன் வசதி இல்லை, ஏ76-இல் உண்டு. காப்பி ஃப்ரம் யூசர் போடுங்கள்.

புதுப் போர்டு ராஸ்பெரி பை 5 என்றால் இன்னொன்றும் பாருங்கள். அதன் வழக்கமான கெர்னலில் பக்க அளவு 16 கிலோபைட். 4096 என்றோ 12 பிட் நகர்த்தல் என்றோ கையால் எழுதிய இடமெல்லாம் அங்கே உதைக்கும். டிரைவரில் பேஜ் சைஸ் என்ற மாறிலியையே பயன்படுத்துங்கள்.

அறிகுறி: 2 ஜிகாபைட் போர்டில் ஓடுகிறது, 8 ஜிகாபைட்டில் கெடுகிறது

கருவியால் 32 பிட் முகவரிக்கு மேல் எட்ட முடியவில்லை, ஆனால் டிரைவர் மாஸ்க்கை, அதாவது கருவி எத்தனை பிட் முகவரி வரை எட்டும் என்ற அறிவிப்பை, தப்பாகச் சொல்லியிருக்கிறது. ராஸ்பெரி பை 4-இன் தொடக்கச் சில்லுகளில் பிசிஐஇ முதல் 3 ஜிகாபைட்டை மட்டும்தான் எட்டும். எல்லை எப்போதும் ராமின் அளவைப் பொறுத்ததும் இல்லை. ஜேஎச்7110 என்ற ரிஸ்க்-ஃபைவ் சில்லில் ராம் 1 ஜிகாபைட் முகவரியிலிருந்துதான் தொடங்குகிறது. அதனால் 4 ஜிகாபைட் போர்டிலேயே கடைசி 1 ஜிகாபைட் எல்லைக்கு அப்பால் போய்விடும்.

பூட் வரியில் 'மெம்=2ஜி' போட்டு ஓட்டிப் பாருங்கள். சரியானால் டிஎம்ஏ செட் மாஸ்க் அண்ட் கோஹரன்ட் அழைப்பில் உண்மையான பிட் எண்ணிக்கையைக் கொடுங்கள். அதன் பிறகு லாகில் 'எஸ்டபிள்யுஐஓடிஎல்பி பஃபர் இஸ் ஃபுல்' என்று வரத் தொடங்கலாம். பயப்பட வேண்டாம், மாஸ்க் வேலை செய்கிறது என்றுதான் பொருள். எட்டாத நினைவகத்துக்குக் கெர்னல் இடையில் வைக்கும் பஃபர் வழக்கமாக 64 மெகாபைட், அது நிரம்பிவிட்டது. அதைப் பெரிதாக்குவதைவிட, டிரைவர் ஒரே நேரத்தில் எத்தனை பஃபரை மேப் செய்து வைத்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் டிரைவரில் அன்மேப் ஒரு பிழைப் பாதையில் விடுபட்டிருந்தது.